கூலியும் கற்பனையும்

கொலை செய்யவில்லை, களவு செய்யவில்லை, ஆகவே பத்துக் கட்டளைகளையும் கைக்கொண்டுவிட்டோம் என்று நிம்மதி அடைபவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. தேவனிடத்தில் முழு இருதயத்தோடு அன்புகூருவது, தன்னைப்போலப் பிறனையும் நேசிப்பது என்னும் இரண்டு கற்பனைகளில், அதாவது கட்டளைகளில்தான், மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று மத்தேயு சுவிசேஷம் 22ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லியிருக்கிறார்.

பிறனை நேசிக்கச் சொல்லும் வசனம் பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 19:18. அதே அதிகாரத்தில்தான் வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவைக்க வேண்டும், குருடனுக்கு முன்னே தடுக்கல் வைக்கக் கூடாது, கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்பவையும் வருகின்றன. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், மாலையில் எடை போடும் இடத்தில் சாக்கை இறக்கிவைத்துவிட்டு, நோட்டில் தன் பெயருக்கு நேரே எத்தனை கிலோ எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் பெண்ணின் முகத்தைக் கண்டவர்களுக்கு, அந்தக் கடைசி வசனம் எவ்வளவு கூர்மையானது என்பது புரியும். கூலியைத் தள்ளிப்போடுகிறவர் தாம் திருடவில்லை என்று வாதிடலாம். அன்பின் கற்பனை அவரை அவ்வளவு எளிதாக விட்டுவிடுவதில்லை.

அன்பு இருந்தால் போதும், கட்டளைகள் எதற்கு என்பாரும் உண்டு. அப்போஸ்தலனாகிய பவுல் அப்படி எழுதவில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் விபசாரம், கொலை, களவு, இச்சை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பிறகுதான், அன்பே நியாயப்பிரமாணத்தின் நிறைவேறுதல் என்கிறார்.

அந்த லேவியராகம அதிகாரம் பிறன் என்பதைச் சொந்த ஜனத்தோடு நிறுத்திவிடவும் இல்லை: உங்களோடு வாசம்பண்ணும் அந்நியனையும் உங்களைப்போலவே நேசியுங்கள், நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்கள் என்கிறது 34ஆம் வசனம். சேலத்தில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வெளிமாநில இளைஞர்களை நம் சபைகள் அந்த வசனத்துக்குள் வைத்துப் பார்க்கின்றனவா?