கோழிக்கறி விலையில் இரும்பு

டிராக்டர் வாங்கக் கடன் கொடுக்க வீடு தேடி ஆள் வருவார்கள். அதன் பின்னால் மாட்டுகிற சாமான்களுக்குக் கடை ஏறினால்தான் நம்முடைய வசதி நமக்கே தெரியும். ரோட்டவேட்டர், கல்டிவேட்டர் எல்லாம் பெரிய கணக்கு, அதை விடுங்கள். மாட்டிய சாமான் கழன்று விழாமல் பிடிக்க லிஞ்ச் பின் என்று ஒன்று உண்டு. விரல் நீளக் கம்பி, தலையில் ஒரு வளையம், அவ்வளவுதான். அதைத் தொலைக்காத விவசாயி கிடையாது. திரும்பத் திரும்ப வாங்கி வெறுத்துப்போன அப்பா, "இரும்புக்கடைக்காரனுக்கு நான் மாதச் சம்பளமா கொடுக்கிறேன்?" என்று திருப்புளியைச் செருகி ஓட்டினார். அப்புறம் திருப்புளியும் தொலைந்தது.

நாங்கள் நாமக்கல் பக்கம். உர மூட்டை, பால் கேன், சோளத்தட்டு, மரவள்ளிக் குச்சி என்று தினமும் காட்டுக்கும் வீட்டுக்கும் ஏதாவது போய்வந்துகொண்டே இருக்கும். நாலு மூட்டைக்காக டிரெய்லரை மாட்டி, ஒடித்துத் திருப்பி, ரிவர்ஸில் கத்தி, அக்கம்பக்கத்து வேலியைச் சாய்ப்பதற்குள் பொழுது போய்விடும். டிராக்டரின் பின்னால் இருக்கிற ஹைட்ராலிக் லிஃப்டிலேயே மாட்டித் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி நாலடிக்கு மூன்றடியில் ஒரு தட்டு இருந்தால் போதும் என்று டவுனில் விலை கேட்டேன். 18,500 ரூபாய் என்றார் கடைக்காரர். ஃபேன் ஓடியும் வியர்த்தது.

வீட்டுக்கு வந்து எடை போட்டுப் பார்த்தேன். பட்டை இரும்பு என்றால் அகலத்தையும் கனத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.00785-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 50-க்கு 10 பட்டை என்றால் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 50-க்கு 50, 6 மில்லி கன ஆங்கிள், அதாவது 'எல்' வடிவ இரும்பு, மீட்டர் நாலரைக் கிலோ. சேனல், அடித்தகடு எல்லாம் சேர்த்துக் கூட்டினால் முழுத் தட்டும் எழுபது கிலோவை ஒட்டித்தான் வந்தது. அப்படியானால் கிலோ 250 ரூபாய்க்கு மேல். பிராய்லர் கறி விலைக்கு இரும்பு! கறியையாவது தின்னலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் உழவுக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டதே, கொஞ்சம் குறையாதா என்று கேட்டிருந்தேன். "அதைக் குறைச்சுத்தான் சொன்னேங்க" என்றார் கடைக்காரர். மானியத்துக்கும் வழியில்லை. மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 40, சிறு குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை உண்டுதான். ஆனால் பட்டியலில் இருக்கிற கம்பெனி, பட்டியலில் இருக்கிற மாடல் என்று இருக்க வேண்டும். நாமே மாட்டுக்கொட்டகையில் செய்கிற தட்டுக்கு மாடல் நம்பர் கிடையாது.

சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினோம். லாரி பாடி கட்டுகிற ஊர், இரும்புக்கா பஞ்சம்? பழைய இரும்புக்கடையில் சேனலும் ஆங்கிளும் பொறுக்கிக்கொண்டோம். உள்ளூர் வெல்டர் அண்ணன் கூலிக்கு ஒத்துக்கொண்டார். கூடவே என் மச்சினன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். அதை நாங்கள் மறந்தாலும் அவன் மறக்கவிட மாட்டான்.

லாரிப் பட்டையை, அதாவது சஸ்பென்ஷன் வில்லை, ஆதாரத்துக்கு வைத்து வெல்டு அடித்துவிடலாம் என்றான். அண்ணன் பீடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அது ஸ்பிரிங் இரும்பு. சூடு காட்டாம வெல்டு வெச்சா ஓரத்துல முடி மாதிரி வெடிப்பு விடும். இன்னைக்கு நிக்கும், நாளைக்கு ரோட்டுல விழும். வேணும்னா போல்ட்டு போடு." டிப்ளமோ கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

இந்த வேலையில் இரும்பு சுலபம், பின் மாட்டுகிற ஓட்டைதான் கஷ்டம். கீழே இரண்டு கை, மேலே டாப் லிங்க் என்கிற ஒரு கை என்று மூன்று இடத்தில் மாட்டுகிற முறையைப் பிரபலமாக்கியவர் அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன். மாஸி பெர்குசன் வண்டி முகப்பில் இருக்கிற பெர்குசன் இவர்தான். பின்னாளில் வண்டியின் சக்திக்கு ஏற்ப வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் உலகம் முழுக்க ஒரே அளவு வைத்துவிட்டார்கள். எங்கள் வண்டி சின்னது, முதல் வகை. கீழே 22 மில்லி பின், மேலே 19 மில்லி. கீழ்ப்பின்கள் இரண்டுக்கும் நடுவே 683 மில்லி, அங்கிருந்து மேல்பின் 460 மில்லி உயரம். இதில் கொஞ்சம் பிசகினாலும் வண்டி உங்கள் தட்டைச் சேர்த்துக்கொள்ளாது. முழுசாக வெல்டு வைத்து முடித்தால் ஆறும்போது இரும்பு சுருங்கி இழுக்கும், பின்கள் உள்பக்கமாகச் சாயும். அதனால் அண்ணன் முதலில் அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெல்டு வைத்து, தட்டை டிராக்டரிலேயே மாட்டச் சொன்னார். மாட்டிய நிலையிலேயே மிச்ச வெல்டு.

பின், டாப் லிங்க் இரண்டையும் மட்டும் கடையில்தான் வாங்கினோம். அதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. எஞ்சின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகிற, நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுகிற பி.டி.ஓ. ஷாஃப்டும் அப்படித்தான். அதைப் பட்டறையில் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் நான் நிற்கவே மாட்டேன்.

வண்டியில் மாட்டி வெல்டு அடித்தால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்நேட்டர் போய்விடும், முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள் என்று மச்சினன் சொன்னது நியாயமான பேச்சு. அவனே கழற்றினான். சாயங்காலம் வெல்டு முடிந்து, பச்சைப் பெயின்ட் அடித்து, எலுமிச்சம்பழம் வைத்துச் சாவியைத் திருப்பினால் வண்டியில் சத்தமே இல்லை. மச்சினன் ஃபியூஸ் என்றான். அப்பா செல்ஃப் மோட்டார் என்றார். டீக்கடையிலிருந்து வந்த மூன்று பேர் மூன்று வியாதி சொன்னார்கள். ஒருவர் டீசல் ஃபில்டரைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார். ராசிபுரத்து மெக்கானிக்குக்கு போன் போட்டாகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆத்தா, அப்பாவின் அம்மா, வெற்றிலையை மென்றுகொண்டே, "அந்தக் கருப்பு ஒயரு அப்படியே தொங்குதே, அது எதுக்குடா?" என்று கேட்டார். கூட்டம் கலைய ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஃபில்டரைக் கழற்றியவர் கிளம்புகிற வழியில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார், எங்கள் கணக்கில்.

மறுநாள் சோதனை. யூரியா மூட்டை இப்போதெல்லாம் 45 கிலோதான், ஐந்து ஏற்றினால் 225. அதோடு நிறுத்தியிருக்கலாம். "பத்து ஏத்துங்க மாமா, ஹைட்ராலிக் தூக்கும்" என்றான் மச்சினன். தூக்கியது. கூடவே முன்சக்கரத்தின் பிடிப்பும் போனது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புகிறது, வண்டி நேராகப் போகிறது, அதுவும் ஆத்தாவின் அவரைப்பந்தலுக்கு. பந்தலுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் பிடித்தது.

முன்னால் எடை வேண்டும். கம்பெனி எடைக்கட்டி விலையைக் கேட்டுவிட்டு அப்பா போனை வைத்தார். அவர் பார்வை மெதுவாகப் புழக்கடைப் பக்கம் போனது. கிரைண்டர் வந்த நாளிலிருந்து சும்மா கிடக்கிற ஆட்டுக்கல். ஆத்தா எழுந்து போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "என் சீதனம்டா அது. வேணும்னா என்னையும் சேர்த்துக் கட்டு." எடைக்கட்டியைப் பழைய இரும்புக்கடையில்தான் தேடிப் பிடித்தோம். மூட்டை ஐந்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்றும் முடிவானது.

செலவுக் கணக்கை என் மனைவி நோட்டில் எழுதி வைத்திருந்தாள். இரும்பு, ராடு, கட்டிங் வீல், பின், லேத்துக்கூலி, வெல்டர் கூலி, பெயின்ட் எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. டீ, வடையைத் தனிப் பக்கத்தில் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தை நான் கூட்டிப் பார்க்கவில்லை.

தட்டு இப்போது நன்றாகவே ஓடுகிறது, பாதி நாள் அடுத்தவர் காட்டில். போன வாரம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, பின்னிலிருந்து பின்னுக்கு டேப் வைத்து அளந்தார். "இதே மாதிரி ஒண்ணு வெல்டர்கிட்டச் சொல்லியிருக்கேனுங்க, சரியா செய்யறாரான்னு பாக்க வந்தேன்" என்றார்.

"என்ன விலை சொன்னாருங்க?"

"பதினெட்டாயிரம். உங்க பேரைச் சொன்னா ஐநூறு குறைப்பாராம்."