நின்ற விசிறி

உயர்தரம் படித்த காலத்தில், சுழலும் பொருளை நிற்பதுபோலக் காட்டும் கருவியான ஸ்ரோபோஸ்கோப் எங்கள் பாடத்தில் இருந்தது, ஆய்வுகூடத்தில் இருக்கவில்லை. "இல்லாட்டி என்ன, செய்வம்" என்றார் பௌதிகவியல் சேர். கலண்டர் மட்டையை வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சுற்றி 12 நீளத் துளை போட்டு, நடுவில் ஆணியடித்துத் தும்புத்தடித் துண்டொன்றில் பொருத்தினார். விரலை விட்டுச் சுழற்ற ஒரு ஓட்டை. கருவி தயார்.

மேசை விசிறியின் மூன்று இதழ்களில் ஒன்றில் பிளாஸ்டர் துண்டு ஒட்டினோம். ஒட்டாவிட்டால் எந்த இதழ் எங்கே வந்ததென்று தெரியாமல் ஏமாந்து போவோம். நண்பன் மட்டையைச் சுழற்ற, நான் துளைகளுக்கூடாகப் பார்த்தேன். முதலில் வெறும் மங்கல். பிறகு பிளாஸ்டர் மெல்ல மெல்லப் பின்னோக்கி நகர்ந்து, அப்படியே நின்றுவிட்டது! இதழ் அசையவில்லை, காற்று மட்டும் முகத்தில் அடிக்கிறது. திருகோணமலை டச்பே கடற்காற்றோ என்று யன்னலைக்கூடத் திரும்பிப் பார்த்தேன்.

ஒட்டுவதற்காகக் கழற்றிய வலைக்கூட்டை நாங்கள் திரும்ப மாட்டவில்லை. நிற்கிறதுதானே என்று அடிமட்டத்தை நீட்டினேன். சடார்! பாதி அடிமட்டம் கரும்பலகைப் பக்கம் பறந்தது.

"விசிறி நிக்கேல்லையடா, உன்ர கண்ணைத்தான் நிப்பாட்டி வைச்சிருக்கு" என்றார் சேர். அடி விழவில்லை, கணக்குத்தான் விழுந்தது. 10 செக்கனில் மட்டை 17 சுற்று, துளை 12. ஒவ்வொரு துளையும் கண்முன் வரும்போது இதழ் ஒரு முழுச் சுற்று முடித்து அதே இடத்துக்கு வந்துவிடும், அதனால்தான் நிற்பதுபோலத் தெரிகிறது. பெருக்கி 10ஆல் வகுத்தால் விசிறி செக்கனுக்கு 20 தரத்துக்குச் சற்றுக் கூடச் சுற்றுகிறது. மட்டையைப் பாதி வேகத்தில் சுற்றினாலும் இதழ் நிற்கும். இரு மடங்கில் ஒரு பிளாஸ்டர் இரண்டாகத் தெரியும். ஆகவே ஒற்றையாய் நிற்கும் ஆகக் கூடிய வேகத்தைத்தான் எடுக்கவேண்டும். 1832இல் பெல்ஜியத்து பிளாட்டோவும் (கிரேக்கத்தவர் இல்லை) வியன்னாவில் ஸ்ராம்பரும் தனித்தனியே இப்படித் துளைத்தட்டுச் செய்தார்கள் என்றும் சொன்னார். அன்று எனக்கு அடிமட்டத்தின் கவலை.

போன வருடம் கனடாவில், ஸ்காபரோவில் பழைய ரெக்கோட் பிளேயர் ஒன்று வாங்கினேன். தட்டின் விளிம்பில் இரண்டு வரிசைப் புள்ளிகள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்துக்கு 60 ஹேட்ஸ் மின்சாரமென்றால் 216 புள்ளி, 50 ஹேட்ஸ் என்றால் 180. பேஸ்மென்ற்றில் பழைய ரியூப்லைற் வெளிச்சத்தில் சுழலவிட்டேன். மின்சாரத்தோடு சேர்ந்து மினுங்கும் அந்த வெளிச்சம்தான் இங்கே துளைத்தட்டு. கனடா வரிசை கல்லுப்போல நின்றது. திருகோணமலை மின்சாரத்துக்கான வரிசை பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.