மீன்பிடித் தடைக்காலத்தில் ஓர் இத்தாலியப் படம்

கடலூரில் மாதம் ஒரு உலக சினிமா திரையிடப் போகிறோம் என்று சொன்னபோது பலரும் கேட்டது ஒன்றுதான்: "புதுச்சேரி பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமே?" கேள்வியில் நியாயம் உண்டு. பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் புண்ணியத்தில் பிரெஞ்சுப் படம் பார்க்கும் பழக்கம் அந்த ஊரில் வெகுகாலமாக இருக்கிறது. எனக்கும் சினிமாப் பித்து அங்கேதான் பிடித்தது. ஆனால் படம் முடிந்து கடலூர் பஸ்ஸுக்கு ஓடும் கூட்டத்தில் தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. முதுநகர்த் துறைமுகத்தில் வலை செப்பனிடுகிறவரையோ, மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருப்பவரையோ பார்த்ததில்லை. பஸ் கட்டணம் அவர்களைத் தடுக்கவில்லை. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரி தடுத்தது.

ஆகவே எங்கள் திரைப்படச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் முதலில் எழுதியது இதுதான்: வேற்றுமொழிப் படம் எதையும் தமிழ் சப்டைட்டில் இல்லாமல் காட்டுவதில்லை. கேட்க எளிமையாக இருக்கும் இந்த ஒரு வரி எங்கள் வேலையைப் பல மடங்காக்கியது. இருந்தும் அதை நான் எங்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதலில் அனுமதி. 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி, பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். விலக்கு அளிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. திரைப்படச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டுவது அந்த விலக்கின் நிழலில்தான். 1947இல் சத்யஜித் ராயும் நண்பர்களும் தொடங்கிய கல்கத்தா சங்கத்திலிருந்து வரும் மரபு இது. 1959இல் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது ராய்தான் அதன் முதல் தலைவர். ஆகவே வருகிற ஒவ்வொருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடித்தோம். குடும்பத்துக்கு ஓர் அட்டை, கட்டணம் ஒரு மீன் குழம்புச் செலவுக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்தோம்.

அடுத்தது உரிமை. கடையில் வாங்கிய டிஸ்க் வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே. மண்டபத்தில் போடுவதற்கு உரிமையாளரின் சம்மதம் தனியாக வேண்டும். "நாலு பேர் பார்க்கிற இடத்தில் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?" என்று சங்கத்திலேயே சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. ஒரு சுயாதீன இயக்குநர் வீட்டை அடகு வைத்து எடுத்த படத்தை, கலை வளர்க்கிறோம் என்ற பெயரில் கேட்காமல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உரிமையாளர்கள் கேட்கிற விவரங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: எத்தனை இருக்கை, எத்தனை காட்சி, நுழைவுக் கட்டணம் உண்டா, எந்த வடிவில் திரையிடுவீர்கள். இதையெல்லாம் முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் பதில் விரைவில் வரும். ஒரு வெளிநாட்டு விநியோக நிறுவனம் மட்டும் மாதக்கணக்கில் மௌனம் காத்துவிட்டு, எங்கள் ஆண்டு வசூலையே விழுங்கும் ஒரு தொகையைக் கேட்டது. அந்தப் படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். நம்மூர் இயக்குநர்களிடம் இந்தச் சிக்கலே இல்லை. எழுதிய மறுநாளே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "பணம் கிடக்கட்டும், படம் முடிந்ததும் ஜனங்கள் என்ன பேசினார்கள் என்று எழுதி அனுப்புங்கள்" என்றார். பணமும் அனுப்பினோம், எழுதியும் அனுப்பினோம்.

தொடரைத் தமிழ்ப் படத்தோடுதான் தொடங்கினோம். பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. கொளுத்தும் வெயிலில் தகப்பனும் மகனும் நடக்கும் அந்தப் படத்துக்கு எங்கள் ஊரில் விளக்கவுரை தேவைப்படவில்லை. அடுத்து இயக்குநர் கியாரொஸ்தமியின் 1987ஆம் ஆண்டு ஈரானியப் படம்: நண்பனின் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடும் பள்ளிச் சிறுவனின் கதை. அதற்குப் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். ஆசிரியர் மிரட்டும் காட்சியில் முன்வரிசைப் பிள்ளைகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

ஆனால் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தியின் 'லா தெர்ரா திரேமா'வைப் பற்றி. 1948இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இத்தாலியின் சிசிலித் தீவில் ஆச்சி திரேட்ஸா என்ற மீனவக் கிராமத்தில், அந்த ஊர் மக்களையே நடிக்க வைத்து எடுத்தது. மொத்த வியாபாரிகள் வைத்ததே விலை என்றிருக்கும் கரையில், ஒரு குடும்பம் வீட்டை அடகு வைத்துச் சொந்தப் படகில் தொழில் செய்யப் புறப்படுகிறது. இதை ஏப்ரல், மே மாதங்களில்தான் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகுக்காரர்கள் வலையும் இன்ஜினும் பழுது பார்த்துக்கொண்டு ஊரில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் அவர்களை மாலையில் மண்டபத்துக்கு அழைப்பது நடக்காத காரியம்.

இனி சப்டைட்டில். அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான்: வரிசை எண், தோன்றும் நேரமும் மறையும் நேரமும், கீழே வசனம். இலவச மென்பொருள்களிலேயே செய்துவிடலாம். பொதுவாக இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, ஆறு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பார்கள். தமிழ் வரி ஆங்கிலத்தைவிட நீளும். வசனம் முழுவதையும் கொண்டுவர ஆசைப்பட்டால் பார்வையாளர் எழுத்தைப் படிப்பாரே தவிர, முகத்தைப் பார்க்க மாட்டார். மீனவக் கிராமமான சோனாங்குப்பத்திலிருந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு படகோட்டி அண்ணன் எங்களோடு மாலை வேளைகளில் உட்கார்ந்தார். அவர் வாசித்து முடித்து, மறுபடி படத்தைப் பார்க்கத் தலை நிமிரும் நேரமே எங்கள் அளவுகோல். அவர் இடறிய இடத்திலெல்லாம் வரியைக் குறைத்தோம். தொழில் சம்பந்தமான வசனங்களை அவரே மாற்றிச் சொன்னார்; நாங்கள் புத்தகத்தமிழில் எழுதியதை அவர் அடித்துவிட்டுப் போட்ட வரிகள்தான் மண்டபத்தில் உயிரோடு நின்றன.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் இரண்டு விஷயங்கள். விநாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் ஐரோப்பிய டிஸ்க்குக்காகச் செய்த நேரக்கணக்கு, 24 சட்டகத்தில் ஓடும் பிரதிக்குப் பொருந்தாது. தொடக்கத்தில் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஒரு மணி நேரம் கழியும்போது வசனம் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் முந்திக்கொண்டு ஓடும். மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றினால் தீர்ந்துவிடும்; ஆனால் முன்கூட்டியே கடைசிக் காட்சிவரை போட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று எழுத்துரு. சில பிளேயர்களில் தமிழ் உடைந்துபோகும்: ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், புள்ளிகள் தனியே தொங்கும். அதனால் உரிமையாளரிடம் கேட்டு, சப்டைட்டிலைப் படத்தோடு பதித்தே எடுத்துக்கொண்டோம். வெள்ளை எழுத்துக்குத் தடித்த கறுப்பு விளிம்பு வைத்தோம். இல்லாவிட்டால் சிசிலி வானத்தின் வெளிச்சத்தில் பாதி வரி காணாமல் போயிருக்கும்.

வாசிக்கத் தெரியாதவர்கள்? மீன் விற்கும் அம்மாக்களில் பலர் அப்படித்தான். அதற்கு வழி அந்தப் படத்திலேயே இருந்தது. நடித்த மீனவர்கள் தங்கள் சிசிலிய வழக்கில் பேசுகிறார்கள். அது மற்ற இத்தாலியர்களுக்கே புரியாது என்பதால் இத்தாலிய மொழியில் ஒரு பின்னணிக் குரல் சேர்க்கப்பட்டது. ஊமைப்படக் காலத்தில் நம் கொட்டகைகளிலும் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்வது வழக்கம். அதையே செய்தோம். ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் மைக்கைப் பிடித்து, முக்கியமான வசனங்களையும் பின்னணிக் குரலையும் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நல்ல சினிமா ரசிகர்களுக்கு இது தொந்தரவாக இருக்குமே என்று சிலர் முகம் சுளித்தார்கள். இருக்கட்டும். அவர்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

மண்டபத்தில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். புரொஜெக்டர் வாடகைக்குக் கொடுத்த தம்பி, "அண்ணா, ரெண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே, படத்தை இழுத்து நிரப்பிவிடட்டுமா?" என்று கேட்டார். அந்தக் காலப் படம் அகலம் குறைந்த சட்டகம். இழுத்தால் எல்லா முகமும் உப்பிவிடும். ஒரு காட்சியை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். அவரே, "முதலில் இருந்ததே நன்றாக இருக்கிறது" என்று பழையபடி வைத்துவிட்டார்.

படம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். மின்தடைக்கு ஜெனரேட்டர், நடுவில் சுக்குக் காபி. பாதியில் எழுந்து போகிறவர்கள் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். சிலர் போகவும் செய்தார்கள். மூத்த மகன் ந்தோனி ஆத்திரத்தில் வியாபாரிகளின் தராசைப் பிடுங்கிக் கடலில் எறியும் கட்டம் வந்தது. அரங்கத்தின் இடது மூலையில் ஒருவர் விசில் அடித்தார். அவ்வளவுதான், கைதட்டல் அடங்க நேரமானது. 1948இல் எடுத்த ஒரு படத்துக்கு இப்படி ஒரு வரவேற்பை நான் எந்தத் திரைப்பட விழாவிலும் பார்த்ததில்லை.

பிறகு புயலில் படகு போகிறது. அந்தக் குடும்பம் உப்பிட்டு வைத்த நெத்திலியை அடிமாட்டு விலைக்கு விற்க நேர்கிறது. வங்கி வீட்டை எடுத்துக்கொள்கிறது. கடைசியில் ந்தோனி அதே வியாபாரிகளின் படகில் கூலிக்குப் போய் நிற்கிறான். விளக்கைப் போட்டதும் யாரும் உடனே எழவில்லை. வழக்கமாக நாங்கள் விமர்சகர் ஒருவரைப் பேசச் சொல்வோம். அன்று மைக்கை நேராகச் சபைக்கே கொடுத்தோம்.

கருவாட்டு வியாபாரம் செய்யும் ஓர் அம்மா சொன்னார்: "நெத்திலியை உப்புப் போட்டு வைத்துவிட்டுக் கையில் காசில்லாமல் உட்கார்ந்தால், வாங்க வருகிறவன் சொல்வதுதான் விலை. அதை அந்த ஊர்க்காரனும் படம் பிடித்து வைத்திருக்கிறானே." படகுக்கு முன்பணம் வாங்கியதால் பிடித்த மீனையெல்லாம் கடன் கொடுத்தவரிடமே கொடுக்க வேண்டிய நிலையை ஒருவர் விவரித்தார். ஓர் இளைஞர், "அவன் தனியாகப் போயிருக்கக் கூடாது, நாலு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும்" என்றார். உடனே பின்வரிசையிலிருந்து, "கூப்பிட்டான், யார் வந்தார்கள்?" என்று இன்னொருவர். பேச்சு ஏல முறை, டீசல் மானியம், சங்கம் என்று விரிந்து, மண்டபத்தைப் பூட்ட வந்தவர் சாவியோடு வாசலில் நின்று தானும் கேட்டுக்கொண்டிருந்தார்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் தொடங்கிய ஒடேசா இயக்கம், மக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய பணத்தில் 1986இல் ஒரு முழுநீளப் படத்தையே எடுத்தது. நாங்கள் வாசலில் ஒரு டப்பா வைத்தோம். உரிமைக் கட்டணத்தையும் ஜெனரேட்டர் வாடகையையும் டப்பாவும் உறுப்பினர் கட்டணமும் ஏறக்குறைய ஈடுகட்டின. மண்டப வாடகை இன்னமும் கைப்பணம்தான்.

அடுத்த தொடருக்கு இரண்டு ஏற்பாடுகள் நடக்கின்றன. தமிழ் சப்டைட்டில் கோப்புகளை, உரிமையாளர் சம்மதித்த படங்களுக்கு மட்டும், கேட்கும் வேறு சங்கங்களுக்கும் இலவசமாகக் கொடுக்கப் போகிறோம். சோனாங்குப்பத்துக்காரர்கள் ஒரு காட்சியைத் தங்கள் ஊரிலேயே போடச் சொல்லியிருக்கிறார்கள். திரை கட்டுவதற்குப் பாய்மரக் கம்பு அவர்கள் பொறுப்பு. எந்தப் படம் என்பதையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.