300 கிலோமீட்டர் மிதித்ததைவிட ரசீது வாங்கியதுதான் பெரும்பாடு

புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காக மதுரையிலிருந்து மண்டபம்வரை சைக்கிளில் போய்த் திரும்பினேன். 300 கிலோமீட்டர், 20 மணி நேரத்துக்குள். பிஆர்எம் என்கிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், 300-க்கு அதுதான் கெடு. பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, விடியற்காலையில் அழகர்கோவில், மேலூர் பக்கம் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். படுத்தி எடுத்தது பண விஷயம்தான். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் அம்மா மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர். அவருக்குக் கொடுத்த மருந்தை யாரோ எங்கோ வருடக்கணக்கில் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதனால்தான் பணம் ஆராய்ச்சிக்கே போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

முதலில் உள்ளூர் டிரஸ்ட் ஒன்றைப் பிடித்தேன். பலகையில் ‘சிகிச்சை, ஆராய்ச்சி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தை மாதம் ஓட்டுவதாகத் திட்டம். நான் கேட்டது இரண்டே இரண்டு: பணம் ஆராய்ச்சிக்குத்தான் போகும் என்று ஒரு கடிதம், பணம் தருகிற ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில், வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது.

அங்கிருந்த கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மொத்தமா நீங்களே கட்டிடுங்க சார், ஒரே ரசீதாப் போட்டுடுறேன்” என்றார். அப்படிக் கட்டினால் ஊரார் பணத்துக்கு வரிச்சலுகை என் பெயரில் வரும். அது முறையில்லை என்று சொன்னால், “எல்லாரும் இப்படித்தான் சார் செய்றாங்க” என்று பதில் வந்தது. கடிதம் கேட்டால் செயலாளர் வரணும். செயலாளர் வந்தால் தலைவர் கையெழுத்துப் போடணும். தை போய், மாசி போய், சித்திரைத் திருவிழாவும் முடிந்துவிட்டது.

கேட்டுக் கேட்டு ஒருவழியாக 80ஜி சான்றிதழின் நகல் கைக்கு வந்தது. பார்த்தால், அதன் காலம் முடிந்து போயிருக்கிறது! ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று விசாரித்தால், நோயாளிகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறார்களாம். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சி என்ற பெயரில் அங்கே எதுவும் நடக்கவில்லை. அந்தப் பலகையை நம்பி எத்தனை பேர் பணம் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆகவே சான்றிதழை முதலிலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள். 2021-லிருந்து 80ஜி அனுமதி நிரந்தரம் இல்லை. தற்காலிக அனுமதிக்கு மூன்று வருடம், முறையான அனுமதிக்கு ஐந்து வருடம். சுவரில் லேமினேட் செய்து மாட்டியிருக்கும் பழைய காகிதத்தை நம்பாதீர்கள்.

அப்புறம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். சொந்தத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய இடம் அது. ஆராய்ச்சியும் அங்கே நிஜமாகவே நடக்கிறது. எல்லோரும் நேராக அவர்கள் கணக்குக்கே அனுப்புங்கள், எனக்கு ஸ்கிரீன்ஷாட் போதும் என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். யார் காசும் என் கணக்குக்கு வராததால் யாருக்கும் கணக்குச் சொல்லும் வேலை இல்லை, ரசீதும் அவரவர் பெயரில். இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

பான் எண் கொடுக்கச் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவே இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன், அதற்காக ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. வரிக்கணக்கில் காட்ட வேண்டிய 10பிஇ சான்றிதழ், நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் வர வேண்டும்.

தையில் போக வேண்டியது ஆடிக்குத் தள்ளிப்போனதன் பலன் சாலையில் தெரிந்தது. ஆடியில் மேல்காற்று. தெப்பக்குளத்திலிருந்து ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினேன். மானாமதுரை, பரமக்குடி எல்லாம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது.

பரமக்குடிக்கு அப்பால் ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். சத்திரக்குடிக்குப் பக்கத்தில் பின் டயர் இறங்கிவிட்டது. ட்யூபைக் கழற்றிவிட்டு டயரின் உள்பக்கம் விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் சுருக்கென்றது. கடுகளவு கறுப்பு முனை, வெளியே முறிந்து உள்ளே மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நகவெட்டியால் கவ்வித்தான் இழுக்க முடிந்தது. அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அதுவும் போய்விடும். இந்த ரோட்டில் வருகிறவர்கள் நகவெட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மீட்டரில் 150 காட்டும்வரை மண்டபத்துக்குள் போய்த் திரும்பினேன். பாம்பன் பாலத்தில் ஏறவில்லை. அந்தப் பக்கவாட்டுக் காற்றில், வேடிக்கை பார்க்க வண்டிகள் நிற்கும் பாலத்தில், சைக்கிளுக்கு வேலையில்லை.

திரும்பும்போது அத்தனை காற்றும் முகத்தில். ராமநாதபுரம் தாண்டியபின் 12 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஏறவே இல்லை. பைக்கில் பின்னாலேயே வந்த மச்சான், “நான் முன்னாடி போறேன், காத்து மறையும்ல” என்றான். வேண்டாம் என்றேன். 300-ம் நானே மிதிப்பதாகச் சொல்லித்தான் பணம் கேட்டிருந்தேன். மானாமதுரையில் எலுமிச்சை உப்பு சோடா குடித்தபிறகுதான் தொடைப் பிடிப்பு விட்டது. தெப்பக்குளம் வந்து இறங்கும்போது மணி ஒன்பதே முக்கால். கெடுவுக்குக் கால் மணி நேரம் மிச்சம்.

வந்த ஸ்கிரீன்ஷாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த தைக்கு 400 கிலோமீட்டர் போகலாம் என்று நண்பர்களும் சேர்ந்திருக்கிறார்கள், அதற்குக் கெடு 27 மணி நேரம். அடையாறு கணக்கு விவரத்தை இப்போதே எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.