மேம் இல்லாத ஒரு மெயில்

அந்த மெயிலை இன்னும் அழிக்கவில்லை. நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்கிறேன். மூன்று வருடம் ஆகிறது.

முதலாண்டு மாணவன் ஒருவன் அனுப்பியது, நான்கு வரிதான். பொருள் வரியில் ஓடி, அதாவது கல்லூரி சார்பில் வெளியே போன நாளையும் வந்ததாகக் கணக்கில் சேர்க்கும் 'ஆன் டியூட்டி', வேண்டும் என்ற செய்தியும் பதிவு எண்ணும் இருந்தன. மண்டல அளவிலான கபடிப் போட்டிக்கு எந்த இரண்டு நாள் போனான், எந்தெந்தப் பீரியட் விட்டுப்போனது என்ற விவரம். பிஸிகல் டைரக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் இணைப்பில். கடைசியில் 'ரிகார்ட்ஸ்', பெயர், வகுப்பு, பிரிவு. முதலாண்டுக்கு ஆங்கிலம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், பதினோரு வருடத்தில் மாணவர்களிடமிருந்து எனக்கு வந்த மெயில்களில் அதுதான் ஒழுங்கானது.

தொடக்கம் மட்டும் 'டியர்', அதற்குப் பக்கத்தில் என் பெயர். அவ்வளவுதான். மேடம் இல்லை, மேம் இல்லை.

வழக்கமாக எப்படி வரும் என்பது இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். பொருள் வரி காலி. 'ஹாய் மேம் ப்ளீஸ் புட் ஓடி மேம்.' யாருக்கு ஓடி, எந்தத் தேதிக்கு? அனுப்பியவர் பெயரைப் பார்த்தால் ஏதோ ஒரு சினிமா வில்லனும் நாலு எண்ணும் இருக்கும். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதே கிடையாது. 'யாருப்பா நீ, ரெஜிஸ்டர் நம்பர் அனுப்பு' என்று பதில் போட்டு, இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவேன். இவனுக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன். உன் ஆசிரியரை இப்படித்தான் அழைப்பாயா?

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. 'சாரி மேம்.' வேறு ஒன்றும் இல்லை.

அவனுடைய அட்டெண்டன்ஸ் 74 சதவீதம். மறுநாள் மாலை லாக் ஆகிறது. அந்த இரண்டு நாளும் சேர்ந்தால் 75ஐத் தாண்டிவிடும். சேராவிட்டால், குறைந்த வருகையோடு பரீட்சை எழுதவிடுவதற்கான காண்டொனேஷன் கட்டணம் கட்ட வேண்டும், அதற்கு மெடிக்கல் சர்டிபிகேட் கேட்பார்கள். கபடி ஆடப் போனவன் எங்கே போய்க் காய்ச்சல் வாங்குவான்? மறுநாள் மதியம் நானே ஓடி போட்டுவிட்டேன். 76 வந்தது. பரீட்சை எழுதினான், பாஸும் ஆனான். ஆகவே யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இந்த விஷயம் நினைவுக்கு வரும்போதெல்லாம் முதலில் இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் மதியம் போட்டதைக் காலையிலேயே போட்டிருக்கலாம். காலை பத்தரைக்கு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். 'மே ஐ கம் இன் மேம்' என்றான். உள்ளே வரச் சொல்லவில்லை. திருத்திக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வீட்ல பெரியவங்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மேம்."

"அப்புறம்?"

"இல்லீங்க மேம்."

அதே சொல்தான், இரண்டாவது முறை கொஞ்சம் மெதுவாக. சரி போ என்றேன். போனான்.

அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. அந்த செமஸ்டரில் மெயில் எழுதுவது எப்படி என்ற பாடத்தை நடத்தியதே நான்தான். ஸ்லைடைத் திறந்து பார்த்தேன். பெரிய எழுத்தில் இருக்கிறது: முதலில் டியர், பிறகு பட்டம், பிறகு குடும்பப் பெயர். எந்தப் புத்தகத்திலிருந்தோ எடுத்தது, வருடா வருடம் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். இதை என்மீது பொருத்திப் பார்த்தால் என்ன வரும்? நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை, பிஎச்டி இழுத்துக்கொண்டே போகிறது. ப்ரொஃபசர் என்று எழுதலாமா என்றால் என் மேஜைமேல் இருக்கும் பலகையில் அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் என்றுதான் போட்டிருக்கிறது. நம்மூரில் அது இரண்டு படி வித்தியாசம், உண்மையான ப்ரொஃபசர்கள் காதில் விழுந்தால் சிரிப்பார்கள். சர்நேமுக்கு எங்கே போவது? எனக்கு இருப்பது ஓர் இனிஷியல், அது அப்பாவுடையது. ஸ்லைடில் இருந்த மூன்றில் இரண்டு என்னிடம் இல்லை. மிச்சம் இருந்ததை அவன் எழுதிவிட்டான்.

போதாக்குறைக்கு அதே வகுப்பில் ஒரு கதையும் சொல்லியிருந்தேன். ஆராய்ச்சி விஷயமாக இங்கிலாந்தில் இருக்கும் ஒரு பேராசிரியருக்கு எழுதினேன், 'ரெஸ்பெக்டட் சார்' என்று. அவர் பதிலில் வெறும் முதல் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு, இப்படியே கூப்பிடுங்கள், சார் எல்லாம் வேண்டாம் என்று எழுதியிருந்தார். அங்கே மாணவர்கள்கூடப் பெரும்பாலும் அப்படித்தான், கொஞ்சம் தள்ளி ஜெர்மனிக்குப் போனால் 'ஹெர் ப்ரொஃபசர்', 'ஃப்ராவ் ப்ரொஃபசர்' என்று பட்டம் போட்டு அழைக்கும் வழக்கம் உண்டு என்றெல்லாம் விளக்கினேன். வகுப்பு ரசித்தது. நானும் என்னை ரசித்துக்கொண்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவருக்கு அடுத்த மெயில் எழுத உட்கார்ந்தபோது அந்தப் பெயரை அடிக்க எனக்குக் கை வரவில்லை. அரை மணி நேரம் யோசித்துவிட்டு, அழைப்பே இல்லாமல் 'குட் மார்னிங்' என்று தொடங்கினேன். அவர் எத்தனை மணிக்குப் படித்தாரோ.

"நீங்கதானே மேம் சொன்னீங்க" என்று அவன் வாசலில் நின்று சொல்லியிருந்தால் எனக்கு வாயடைத்திருக்கும். சொல்லவில்லை. அவனுக்கு அது தோன்றவில்லையா, தோன்றியும் அடக்கிக்கொண்டானா? தோன்றவில்லை என்றே நம்பப் பார்க்கிறேன்.

இதில் இன்னொன்றும் உண்டு, அதை எழுதாமல் இருந்தால் பொய்யாகிவிடும். அந்த மெயிலை நான் முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. விநோதமாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். பக்கத்து மேஜையில் இருக்கும் சீனியர் மேடம் எட்டிப் பார்த்து, "டியராமே டியர், அதுவும் பேரோட!" என்று சிரித்தார். அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். கோபம் அப்போதுதான் வந்தது. ஆங்கிலக் கடிதத்தில் டியருக்குப் பொருளே இல்லை, வருமான வரி நோட்டீஸிலும் 'டியர் டாக்ஸ்பேயர்' இருக்கும். முதலாண்டுப் பையன் ஓர் ஆசிரியையின் பெயருக்கு முன்னால் போட்டதாகத் தமிழ்க் காதில் விழும்போது அது வேறு சொல்லாகிவிடுகிறது. ஆண் ஆசிரியருக்கு இதே மெயில் போயிருந்தால் 'திமிர்' என்பதோடு முடிந்திருக்கும். எனக்கு அதோடு முடியவில்லை. ஆக, நான் எழுதிய அந்த ஒரு வரி அவனுக்காக எழுதியதா, அறையில் இருந்த நான்கு பேருக்காக எழுதியதா?

அவன் பக்கத்துக்காக இவ்வளவு வாதாடிவிட்டு என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அனுப்பு, அனுப்புங்க. வந்தான், வந்தார். இந்தக் கொங்குப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம், ஆமாங்க, சரிங்க, ஏனுங்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' உண்டு. நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு முதல் வருடம் அது கூச்சமாகக்கூட இருந்தது. ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது. 'சென்ட்' என்றால் சென்ட்தான். அதனால்தான் நம் பிள்ளைகள் வரிக்கு வரி மேம் போடுகிறார்கள். அது ஆங்கிலமே அல்ல, ஆங்கிலத்துக்குள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த 'ங்க'. அதை எடுத்துவிட்டால் என் காதில் ஒருமையில் பேசியதாகத்தான் விழும். விழுந்தது. இதை அகந்தை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் அப்பாவை யாராவது ஒருமையில் பேசினாலும் எனக்கு இப்படித்தான் சுருக்கென்றிருக்கும்.

ஆனால் அந்தப் பையன் மனதுக்குள் 'ங்க' போட்டுத்தான் அந்த ஆங்கிலத்தை எழுதியிருப்பான். நேரில் பேசிய இரண்டு சொல்லிலும் இருந்ததே.

மதிய உணவு மேஜையில் ஒருநாள் இந்தப் பேச்சை, என்னுடையது என்று சொல்லாமல், எடுத்துப்போட்டேன். பாலக்காட்டிலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார். அவர் ஊர்ப் பக்கத்தில் மாத்தூர் பஞ்சாயத்து 2021-லேயே அலுவலகத்தில் சாரும் வேண்டாம் மேடமும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டதாம். 2023-ல் கேரளக் குழந்தைகள் உரிமை ஆணையம், பள்ளிகளில் ஆணோ பெண்ணோ 'டீச்சர்' என்று கூப்பிட்டால் போதும் என்று சொன்னதை நானும் படித்திருந்தேன். உடனே இன்னொருவர், அவர் அண்ணன் வக்கீல், மை லார்ட் வேண்டாம் என்று பார் கவுன்சில் 2006-லேயே சொல்லியாயிற்று, இன்றைக்கும் கோர்ட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். தீர்மானம் போட்டால் நாக்கு கேட்குமா என்பது அவர் கட்சி. எல்லாரும் தயிர்சாதத்தோடு அதை ஒப்புக்கொண்டோம். அப்போது என் கட்சி எது என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

பிள்ளைகளிடம் நான் சொல்லும் காரணம் ஒன்று உண்டு, நாளைக்கு வேலைக்குப் போனால் இப்படியெல்லாம் எழுத முடியாது என்று. அந்த வருடமும் வகுப்பில் பொதுவாக அதைத்தான் சொன்னேன், யார் பெயரையும் சொல்லாமல். இரண்டு மூன்று தலைகள் பின் வரிசைப் பக்கம் திரும்பின. அப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் ஆசை. எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் சென்னையிலோ பெங்களூரிலோ ஐடி கம்பெனிக்குத்தான் போகிறார்கள். அங்கே சேர்ந்த முதல் வாரமே மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். சார் என்று கூப்பிட்டால் சிரிப்பார்கள் என்று பழைய மாணவர்கள் வந்து சொல்லும்போது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அப்படியானால் நான் அவனை எந்த வேலைக்குத் தயார் செய்தேன்? என் வேலைக்கா? நான் எங்கள் முதல்வருக்கு ஒரு நாள் லீவு கேட்டு எழுதும் மெயிலில் 'ரெஸ்பெக்டட் சார்', 'கைண்ட்லி', 'தாங்கிங் யூ இன் ஆன்டிசிபேஷன்' மூன்றும் இருக்கும். பள்ளியில் அனுப்புநர், பெறுநர் போட்டு எழுதிய 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' லீவு லெட்டருக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' ஒன்றைத்தான் விட்டிருக்கிறேன்.

ஸ்லைடை மாற்றினேன். அடுத்த வருடம் 'டியர் மேடம் அல்லது டியர் சார்' என்று போட்டேன். ஒரு மாணவி, ஆளைத் தெரிந்தும் பெயரே இல்லாமல் எழுதலாமா மேம் என்று கேட்டாள். அதற்கடுத்த வருடம் 'பெயர், பக்கத்தில் மேம்' என்று மாற்றினேன். இப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை, பரீட்சையில் எழுதினால் மார்க் குறையும் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். இப்போது அந்த இடத்தில் 'யாருக்கு எழுதுகிறீர்களோ அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்' என்று இருக்கிறது. எந்த மாணவனும் எந்த ஆசிரியரிடமும் போய் இதைக் கேட்க மாட்டான் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன்.

அவன் இந்த வருடம் இறுதியாண்டு. போன மாதம் அவனிடமிருந்து ஒரு மெயில் வந்தது, மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு. 'ரெஸ்பெக்டட் மேம், குட் மார்னிங் மேம்' என்று தொடங்கியது. ஐந்து வரியில் ஏழு மேம், எண்ணிப் பார்த்தேன். பொருள் வரி காலி. எந்தப் பல்கலைக்கழகம், கடைசித் தேதி என்ன, பதிவு எண் என்ன, ஒன்றும் இல்லை.

மூன்று தடவை எழுதிக் கேட்டு வாங்கினேன்.