தூங்குற மாதிரி நடி
இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில 1970கள்ல பேஷண்டா இருந்த ஒரு அம்மா பின்னாடி சொன்னது இது. ஜிம்மி சாவில் வார்டுக்கு வர்றார்னா நர்ஸுங்களே வந்து, அவர் போற வரைக்கும் கண்ண மூடி தூங்குற மாதிரி படுத்துக்கோன்னு சொல்லுவாங்களாம். இத படிச்ச அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல, ஏன்னா நானும் நர்ஸ்தான்.

சாவில் யாருன்னு தெரியாதவங்களுக்கு, பிபிசியோட பெரிய ஸ்டார், சர் பட்டம் வாங்குனவர், லீட்ஸ் ஊரு ஆஸ்பத்திரியில சம்பளம் வாங்காம போர்ட்டர் வேலை பாத்தவர், ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரிக்கு முதுகுத்தண்டு சிகிச்சை சென்டர் கட்ட நிதி திரட்டி குடுத்தவர். 2011 அக்டோபர்ல 84 வயசுல செத்தார். அந்த டிசம்பர்லயே பிபிசிக்குள்ள ஒரு டீம் அவர் பண்ண பாலியல் கொடுமைய பத்தி விசாரிச்சு வச்சிருந்த செய்திய நிறுத்திட்டு, கிறிஸ்மஸுக்கு அவருக்கு அஞ்சலி ப்ரோகிராம் போட்டாங்க. 2012 அக்டோபர்ல ஐடிவிங்கிற இன்னொரு சேனல் போட்டு உடைச்சதுக்கப்புறம்தான் கிட்டத்தட்ட 450 பேர் போலீஸ்ல வந்து சொன்னாங்க. லீட்ஸ்ல மட்டும் 60 பேர், 5 வயசுலேர்ந்து 75 வயசு வரைக்கும்.

உயிரோட இருக்கும்போது ஏன் சொல்லலன்னு ஈஸியா கேட்டுடறோம். சொன்னாங்களே! ஸ்டோக் மாண்டவில்ல அப்பவே 10 புகார் வந்திருக்கு, ஒண்ணு கூட எங்கயும் போய் சேரல. அப்புறம் பேப்பர்காரங்களுக்கு அவதூறு கேஸ் பயம், செத்தவர் சார்பா கேஸ் போட அந்த ஊரு சட்டத்துல வழி இல்ல, அதான் பாடை போனதும் வாய் திறந்துச்சு.

என் கதைக்கு வர்றேன். நான் வேலை பாத்த ஆஸ்பத்திரியில ஒரு பெரிய டாக்டர், அவர் கைராசிக்கு பஸ் ஏறி ஜனம் வரும். நான் சேந்த முதல் வாரமே சீனியர் சிஸ்டர் காதுல போட்டுட்டாங்க, "அவர் ரூமுக்கு கேஸ் ஷீட் எடுத்துட்டு தனியா போகாதடி, ஆயாம்மாவ கூட்டிட்டு போ." பின்னாடி நான் சீனியர் ஆனதும் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு இதையேதான் சொன்னேன், ஊசி போட சொல்லி குடுக்குற மாதிரி இதுவும் வேலையில ஒரு பாடம்னு ஆயிப்போச்சு. சொன்னதுல எனக்கு ஒரு பெருமை கூட இருந்துச்சு, நம்ம பிள்ளைங்கள நாம காப்பாத்துறோம்னு. மேட்ரன்கிட்டயோ எம்டிகிட்டயோ போய் சொல்லணும்னு ஒருத்திக்கும் தோணல, தோணிருந்தாலும் போயிருக்க மாட்டோம், அவர் பேர வச்சுதான் எங்களுக்கு சம்பளமே.

அவர் செத்தப்போ கேட்ல ஃபிளெக்ஸ் வச்சாங்க, ரெண்டு நிமிஷம் மௌனம், நானும் தலைய குனிஞ்சு நின்னேன். அந்த போட்டோவ பழைய ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்ல போட்டு எல்லாரும் கைகூப்பிட்டு இருந்தாங்க. ராத்திரி எனக்கு தனியா ஒரு மெசேஜ். நான் பிரசவ லீவுல இருந்த ஆறு மாசத்துல வேலைக்கு சேந்து, நான் திரும்பி வர்றதுக்குள்ள நின்னுட்ட பொண்ணு. ஏன் நின்னான்னு நான் விசாரிச்சதே இல்ல.

"சிஸ்டர், எல்லாருக்கும் தெரியுமாமே. எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லல?"

ரெண்டு நீல டிக் விழுந்துடுச்சு, நான் படிச்சது அவளுக்கு தெரியும். டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சிட்டே விடிஞ்சுது.