ஆட்குறைப்பு நடக்கும் நிறுவனத்தில் சேரலாமா? நான் போட்ட கணக்கு

அரை ஆண்டுக்குள் இரண்டு முறை ஆட்குறைப்பு செய்திருந்த ஒரு நிறுவனத்திலிருந்து எனக்கு வேலை உத்தரவு வந்தது. சம்பளம் அப்போது வாங்கிக்கொண்டிருந்ததைவிடக் கணிசமாகக் கூடுதல். வேலையும் வெகுநாளாக நான் ஆசைப்பட்ட வேலை. யோசனை கேட்டவர்கள் எல்லாரும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஆட்களை வெளியே அனுப்புகிற இடத்துக்கு யாராவது உள்ளே போவார்களா என்றது ஒரு கட்சி. அனுப்ப வேண்டியவர்களை அனுப்பியாகிவிட்டது, இனி பயமில்லை என்றது இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தைரியம் வந்ததோ! ஒரு சுற்று முடிந்த இடத்தில் அடுத்த சுற்று வராது என்று எந்த நிர்வாகமும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஒரு நண்பர் ஆப்பிளை இழுத்து வந்தார். 1997இல் அது நஷ்டத்தில் தத்தளித்தது, மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்தது, அன்று சேர்ந்தவர்கள் இன்று எப்படி இருப்பார்கள் தெரியுமா என்றார். 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரிய கேமரா ஃபிலிம் நிறுவனமான கோடாக்கில் அதற்கு முந்தைய ஆண்டு சேர்ந்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டேன். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.

நிறுவனம் பிழைக்குமா என்பது அதன் தலைமை நிர்வாகிக்கே தெரியாத விஷயம். அதில் மண்டையை உடைத்துக்கொள்வதை முதலில் நிறுத்தினேன். எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டுதான். எனக்குத் தரப்போகும் இந்த இடம் எவ்வளவு காலம் தாங்கும்? தாங்காவிட்டால் நான் என்ன பெற்றுக்கொண்டு வெளியே வருவேன்?

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால் ஆண்டறிக்கையும் காலாண்டு முடிவுகளும் எல்லார் பார்வைக்கும் கிடைத்தன. தலைவரின் முன்னுரையைப் புரட்டித் தள்ளிவிட்டேன். எவ்வளவு நஷ்டம் வந்தாலும் அந்தப் பக்கங்களில் வசந்த காலம்தான். நேராகப் பணப்புழக்க அறிக்கைக்குப் போனேன்; ரொக்கம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று காட்டும் பக்கம் அது. லாபநஷ்டக் கணக்கில் 'சரிசெய்யப்பட்ட' லாபம் என்று எதையாவது காட்டிவிடலாம். வங்கியில் இருக்கும் ரொக்கத்தை அப்படி எளிதில் காட்ட முடியாது.

கணக்கு கடினமானதல்ல. உதாரணத்துக்கு, கையிருப்பு 120 கோடி, ஒவ்வொரு காலாண்டும் தொழிலில் கரைவது 20 கோடி என்றால் ஆறு காலாண்டுக்குத் தாங்கும். ஆனால் கடன் பற்றிய குறிப்புகளைப் படிக்காமல் இதை நம்பக்கூடாது. அடுத்த சில மாதங்களில் 50 கோடி கடன் முதிர்வடைகிறது, அதைப் புதுப்பிக்க வழியில்லை என்றால் மிஞ்சுவது 70 கோடி. ஆறு காலாண்டு மூன்றரையாகிவிடும். நான் பார்த்த நிறுவனத்தில் பெரிய கடன் எதுவும் அண்மையில் முதிரவில்லை. என் கணக்கில் ஏழு காலாண்டு வந்தது.

அடுத்தது தணிக்கையாளர் அறிக்கை. குறைந்தது 12 மாதங்களுக்காவது நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதை நிர்வாகம் மதிப்பிட்டாக வேண்டும். அதில் பலத்த ஐயம் இருந்தால் அதைத் தணிக்கையாளர் தனித் தலைப்பிட்டுச் சொல்லிவிடுவார். அந்தத் தலைப்பு இல்லை. இருந்திருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன்.

நேர்காணல் முடிந்த பிறகு, மேலாளரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மனிதவள அதிகாரியிடம் கேட்டால் பயிற்சி பெற்ற பதில்தான் வரும். 'இந்த இடத்தில் எனக்கு முன்னால் யார் இருந்தார்கள் சார்?' என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். 'இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தானாகப் போனார், இன்னொருவரைப் போன சுற்றில் அனுப்பினோம். இரண்டு பேர் வேலையும் உங்களுக்குத்தான் வரும்' என்றார். குழுவின் வேலைக்கு வாடிக்கையாளர்கள் நேரடியாகப் பணம் கட்டுகிறார்களா என்று கேட்டேன். நிறுவனத்தின் வருவாயில் பெரும்பங்கு அந்தக் குழுவிலிருந்துதான் வருகிறது என்றார். நஷ்டம் முழுக்க, புதிதாகத் தொடங்கிய வேறொரு பிரிவில். வெட்டு எங்கே விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு எனக்குத் தேவைப்படவில்லை. அங்கிருந்து விலகிய இருவரைத் தேடிப் பிடித்துப் பேசியதில், சம்பளம் ஒரு நாளும் தாமதமாகவில்லை என்பதும் தெரிந்தது. சப்ளையர்களுக்குப் பணம் இழுபறியாவதும் செலவுத்தொகை திரும்பி வரத் தாமதமாவதும்தான் சம்பளம் தாமதமாவதற்கு முன்னால் தென்படும் அடையாளங்கள். அவையும் இல்லை என்றார்கள்.

பிறகு உத்தரவுக் கடிதத்தை வரி விடாமல் படித்தேன். சேரும்போது தரும் போனஸை, ஓராண்டுக்குள் 'எக்காரணத்தால்' விலகினாலும் திருப்பித் தர வேண்டும் என்றிருந்தது. அவர்களே என்னை அனுப்பினாலும் நான் பணம் கட்ட வேண்டுமாம்! தகுதிகாண் காலத்தில் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும் என்பது இன்னொரு வரி. ஆட்குறைப்பில் அனுப்பினால் போனஸைத் திருப்பத் தேவையில்லை, முதல் நாளிலிருந்தே மூன்று மாதச் சம்பளம் ஈட்டுத்தொகை, இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டேன். சம்பள உயர்வு எதுவும் கேட்கவில்லை. போனஸ் வரியை உடனே மாற்றினார்கள். மூன்று மாதம் இரண்டாகக் குறைந்தது. வாய்மொழியாக 'பார்த்துக்கொள்வோம்' என்று சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். 'பார்த்துக்கொள்வோம்' என்று சொன்னவர் அடுத்த சுற்றில் இருப்பாரா என்பதே நிச்சயமில்லையே.

கையெழுத்தான கடிதமும் முழுப் பாதுகாப்பு அல்ல. 2022 ஜூன் தொடக்கத்தில் கிரிப்டோ நாணயச் சந்தை நடத்தும் அமெரிக்க நிறுவனமான காயின்பேஸ், ஆட்கள் ஏற்றுக்கொண்டுவிட்ட வேலை வாய்ப்புகளையே திரும்பப் பெற்றது. இரண்டு வாரம் முடிவதற்குள் தன் ஊழியர்களில் 18 சதவீதத்தினரையும் அனுப்பியது. அதனால் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து, சேரும் தேதி எழுத்தில் உறுதியான பிறகுதான் பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்தேன். பழைய மேலாளரிடம் முகம் கோணாமல் விடைபெற்றதையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சேர்ந்தேன்.

மூன்றாவது சுற்று அடுத்த காலாண்டிலேயே வந்தது. புதிய பிரிவை மொத்தமாக மூடினார்கள். என் குழுவில் யாரும் போகவில்லை, ஆனால் காலியான இடங்களை நிரப்புவதையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர் வேலை இரண்டரையாகியிருக்கிறது. ஒவ்வொரு காலாண்டு முடிவு வரும்போதும் அதே கணக்கைப் புதிதாகப் போடுகிறேன். கடைசியாகப் போட்டபோது ஐந்து காலாண்டு வந்தது. நான்குக்குக் கீழே இறங்கினால் வெளியே வேலை தேடத் தொடங்குவது என்று மனைவியும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.